ஏற்பதற்கு ஆள் இல்லாத தகுதி: சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் ஆனர்ஸ் படிப்பு

1. கேள்வியும் களமும்

2020–21ஆம் கல்வியாண்டில் ஆந்திரப் பிரதேசம் தன் பட்டப்படிப்புகளைத் திருத்தியமைத்து, மூன்றாண்டுப் படிப்பின் மேல் ஆனர்ஸ் என்ற நான்காம் ஆண்டுக்கு வழி திறந்தது. 2023–24இல் ஒரே பாடத்தை மேஜராகக் கொண்டு இன்னொன்றை மைனராகச் சேர்த்துப் படிக்கும் முறை வந்தது. சித்தூரிலும் புத்தூரிலும் நகரியிலும் அரசுக் கல்லூரியில் படிக்கும் மாணவரிடம் இந்தச் சீர்திருத்தங்கள் ஒரு கேள்வியை வைத்துள்ளன: உள்ளூர்க் கல்லூரியில் ஆனர்ஸ் எடுத்துவிட்டுப் பெரிய நிறுவனத்துக்குப் போவதா, மூன்றாண்டோடு முடித்துக்கொண்டு உடனே கிளம்புவதா? அவர் கிளம்பிப் போகக்கூடிய நிறுவனங்களும் தொலைவில் இல்லை. சித்தூரிலிருந்து சுமார் 70 கிலோமீட்டரில் உள்ள திருப்பதியில் 1954இல் தொடங்கிய ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகமும், 1983இல் தொடங்கிய பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. 2015 முதல் ஐஐடியும் அறிவியல் கல்விக்கும் ஆராய்ச்சிக்குமான ஐசரும் அங்கே இயங்குகின்றன.

ஆனர்ஸ் நல்லதா கெட்டதா என்பது இக்கட்டுரையின் கேள்வி இல்லை. ஓர் எளிய நிலையில் உள்ள கல்லூரியில் பெற்ற சிறப்புத் தகுதி, அடுத்த நிறுவனத்தின் வாசலில் எப்போது செல்லுபடியாகிறது, எப்போது ஆகாமல் போகிறது என்பதே கேள்வி. இதற்கு அமெரிக்காவின் சமுதாயக் கல்லூரிகள், பழைய சென்னைப் பல்கலைக்கழகம், ஆந்திரத்தின் பாலிடெக்னிக் பாதை, இன்றைய நான்காண்டு ஆனர்ஸ் ஆகிய நான்கு ஏற்பாடுகளை ஒப்பிட்டுப் பார்க்கிறேன். நான் வந்தடையும் முடிவைச் சுருக்கமாக இங்கேயே சொல்லிவிடலாம். ஆனர்ஸின் மதிப்பை அதைக் கொடுக்கும் கல்லூரி தீர்மானிப்பதில்லை. அதை ஏற்கும் நிறுவனம் எழுத்தில் எவ்வளவு கட்டுப்பட்டிருக்கிறதோ அவ்வளவுதான் அதன் மதிப்பு.

2. மாற்றத்துக்கு முன் ஆனர்ஸ்: அமெரிக்க ஏற்பாடு

அமெரிக்காவின் முதல் பொது ஜூனியர் கல்லூரி இல்லினாய் மாநிலத்து ஜோலியட் நகரில் 1901இல் தொடங்கியது. முதல் இரண்டு ஆண்டுகளை வீட்டருகில் குறைந்த செலவில் படித்துவிட்டு, மூன்றாம் ஆண்டுக்குப் பல்கலைக்கழகத்துக்கு மாறுவதே அதன் அடிப்படை. மாற்றம் என்று இக்கட்டுரையில் சொல்வது இப்படி ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதையே. கலிபோர்னியா 1960இல் வகுத்த உயர்கல்வித் திட்டம் இதை ஒரு மாநிலத்தின் கட்டமைப்பாகவே ஆக்கியது. பள்ளி முடிப்போரில் மேல்நிலையில் உள்ள எட்டில் ஒரு பங்கினருக்குக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திலும், மூன்றில் ஒரு பங்கினருக்கு மாநிலக் கல்லூரிகளிலும் இடமுண்டு. மற்ற எல்லோருக்கும் சமுதாயக் கல்லூரியின் கதவு திறந்திருக்கும், அங்கிருந்து மேலே ஏறும் வழியும் இருக்கும் என்பது அதன் வாக்குறுதி.

வாக்குறுதிக்கும் நடப்புக்கும் இடையிலான தூரத்தைச் சமூகவியலாளர் பர்ட்டன் கிளார்க் அதே 1960ஆம் ஆண்டில் சுட்டிக்காட்டினார். பட்டம் பெறும் ஆசையோடு வருபவர்களில் பலரை, ஆலோசனை, முன்தேர்வு, மாற்றுப் படிப்பு என்று படிப்படியாக அந்த ஆசையிலிருந்து இறக்கிவிடும் வேலையையும் இக்கல்லூரிகள் செய்கின்றன என்றார் அவர். கல்லூரி யாரையும் வெளியேற்றுவதில்லை. மாணவர் தாமாகவே விலகிக்கொண்டதாக எண்ணும்படி எல்லாம் நடந்துவிடுகிறது. பிற்காலத் தரவுகளும் இக்கவலைக்கு வலுச் சேர்த்தன. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 2017இல் வெளியிட்ட அறிக்கை, 2004க்கும் 2009க்கும் இடையே கல்லூரி மாறிய மாணவர்கள் சராசரியாகத் தங்கள் கிரெடிட்டுகளில் 43 விழுக்காட்டை இழந்தார்கள் என மதிப்பிட்டது. படித்த பாடமும் தேறிய மதிப்பெண்ணும் கையில் இருந்தும், புதிய நிறுவனம் அவற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை.

சமுதாயக் கல்லூரிகளின் ஆனர்ஸ் திட்டங்களை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். சிறிய வகுப்பு, கூடுதல் எழுத்துப்பணி, ஆசிரியரின் நேரடிக் கவனம் ஆகியவை அவற்றின் உள்ளடக்கம். ஆனால் அவற்றுள் பெயர் பெற்றவை உள்ளடக்கத்தால் மட்டும் பெயர் பெறவில்லை. லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் 1980களின் நடுப்பகுதியில் ஓர் உடன்படிக்கையைத் தொடங்கியது. அதில் இணைந்த சமுதாயக் கல்லூரியின் ஆனர்ஸ் திட்டத்தை ஒரு மாணவர் முடித்து, கல்லூரியும் அதற்குச் சான்று அளித்தால், அவருடைய விண்ணப்பம் கலை, அறிவியல் பிரிவுச் சேர்க்கையில் முன்னுரிமையோடு பரிசீலிக்கப்படும். இடம் உறுதி என்று பல்கலைக்கழகம் சொல்லவில்லை. தனிக் கவனத்தோடு பார்ப்போம் என்று மட்டும் எழுதிக் கொடுத்தது. அந்த எழுத்துதான் ஆனர்ஸ் வகுப்பில் அமர்பவருக்கு ஒரு காரணத்தைக் கொடுத்தது. உடன்படிக்கை இல்லாத கல்லூரியிலும் அதே பாடத்தை அதே தரத்தில் நடத்தலாம். மாணவர் அறிவு பெறுவார், முன்னுரிமை பெறமாட்டார்.

இந்தியாவில் இதே பெயரைத் தாங்கிய நிறுவனங்கள் வேறு பணிக்காகப் பிறந்தவை. 1995இல் புதுவைப் பல்கலைக்கழகம் தொடங்கிய சமுதாயக் கல்லூரியும், 1996இல் சென்னையில் இயேசு சபைக் கல்வியாளர் சேவியர் அல்போன்ஸ் முன்னின்று உருவாக்கிய சமுதாயக் கல்லூரியும் தொடக்க முயற்சிகள். பள்ளியை இடையில் விட்டவர்களுக்கும் வேலையற்றவர்களுக்கும் தொழில் கற்றுக்கொடுத்து வேலையில் அமர்த்துவதே இவ்வியக்கத்தின் நோக்கம். பல்கலைக்கழகத்துக்கு ஆள் அனுப்புவது இல்லை. அமெரிக்கச் சமுதாயக் கல்லூரி செய்யும் அந்தப் பணியை நம் நாட்டில் செய்பவை மாவட்டத் தலைநகரிலும் சிற்றூரிலும் உள்ள அரசு, உதவிபெறும் கல்லூரிகள். எனவே ஒப்பீட்டுக்குரியவை அவையே.

3. மாற்றத்துக்குப் பின் ஆனர்ஸ்: சென்னைப் பல்கலைக்கழகக் காலம்

இவ்வட்டாரத்துக்கு மாற்றம் புதிதன்று. வட ஆர்க்காட்டிலிருந்து பிரிந்து 1911இல் உருவான சித்தூர் மாவட்டம், 1953இல் ஆந்திர மாநிலம் பிறக்கும்வரை சென்னை மாகாணத்தில் இருந்தது. 1960இல் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது. அந்தத் திருத்தணியில் 1888இல் பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணனின் படிப்புப் பாதை, அன்றைய அமைப்பைப் புரிந்துகொள்ள உதவும். திருப்பதியில் லுத்தரன் மிஷன் பள்ளியில் படித்தார், வேலூரில் ஊரிஸ் கல்லூரிக்குப் போனார், அங்கே எஃப்.ஏ. முடித்துவிட்டுச் சென்னைக் கிறித்தவக் கல்லூரிக்கு மாறி, தத்துவத்தில் பட்டமும் முதுகலையும் பெற்றார். இரண்டு ஆண்டுகள் வட்டாரக் கல்லூரி, மீதி மாநகரக் கல்லூரி என்பதுதான் இதன் வடிவம். அமெரிக்க ஜூனியர் கல்லூரி முறையோடு இதை அடுத்தடுத்து வைத்தால் வெளித்தோற்றத்தில் பெரிய வேறுபாடு தெரியாது.

வேறுபாடு தேர்வில் இருந்தது. வேலூரில் எழுதினாலும் சென்னையில் எழுதினாலும் எஃப்.ஏ. தேர்வும், பின்னர் அதன் இடத்தில் வந்த இன்டர்மீடியட் தேர்வும் பல்கலைக்கழகத்தின் தேர்வுகள். ஒரே வினாத்தாள், ஒரே திருத்தம், ஒரே தேர்ச்சிப் பட்டியல். 'இரண்டாம் நிலைக் கல்லூரி' என்று வகைப்படுத்தப்பட்ட இடத்தில் படித்தவரும், மாநகரின் முதல் நிலைக் கல்லூரியில் படித்தவரும் அந்தப் பட்டியலில் அடுத்தடுத்த வரிசைகளில் நின்றார்கள். ஆகவே கல்லூரி மாறும்போது முன்பு படித்ததை மதிப்பிடும் வேலையே எழவில்லை. ஊரிஸ் கல்லூரியின் தரம் என்ன என்று கிறித்தவக் கல்லூரி கேட்க வேண்டியதில்லை. பல்கலைக்கழகம் அதற்கு ஏற்கெனவே பதில் சொல்லியிருந்தது.

ஆனர்ஸ் இந்த அமைப்பில் எந்த இடத்தில் இருந்தது என்பது கவனிக்கத்தக்கது. இராதாகிருஷ்ணனின் மாணவக் காலத்துக்குச் சற்றுப் பின்னர், சென்னைப் பல்கலைக்கழகம் இன்டர்மீடியட்டுக்கு மேல் மூன்றாண்டு ஆனர்ஸ் படிப்பைக் கொண்டுவந்தது. சாதாரண பி.ஏ. இரண்டாண்டு. ஆனர்ஸ் ஓராண்டு கூடுதல். ஆனால் அதை முடித்தவர் தனித்தேர்வு எழுதாமலேயே எம்.ஏ. பட்டத்துக்கும் உரியவரானார். மாநிலக் கல்லூரியில் 1925 முதல் 1930 வரை படித்து இயற்பியல் ஆனர்ஸ் பெற்ற எஸ். சந்திரசேகரும், பச்சையப்பன் கல்லூரியில் 1934இல் ஆனர்ஸ் முடித்த சி.என். அண்ணாதுரையும் இந்த ஏற்பாட்டில் படித்தவர்கள். எல்லாக் கல்லூரிகளுக்கும் ஆனர்ஸ் நடத்த அனுமதி இல்லை. பெரும்பாலும் மாநகரின் பெரிய கல்லூரிகளே நடத்தின. மாவட்டத்துக்காரர் முதலில் மாறிப் போனார், அதன் பிறகுதான் ஆனர்ஸ் எடுத்தார். அமெரிக்காவில் மாற்றத்துக்கு முன் இருந்தது, இங்கே மாற்றத்துக்குப் பின் இருந்தது.

அந்தக் காலத்தைப் பொற்காலமாக்குவது தவறு. ஆனர்ஸ் இடங்கள் சொற்பம். சென்னையில் தங்கிப் படிக்கும் வசதி யாருக்கு இருந்தது என்று கேட்டால், சாதியும் வர்க்கமும் பாலினமும் உடனே முன்னே வந்து நிற்கும். ஒரே தேர்வு என்பது ஒரே அளவுகோலுக்கு எல்லோரையும் வளைத்தது என்ற குறையும் உண்டு. இருந்தும் அது ஒன்றைத் தெளிவாக்கியது: கூடுதல் ஓராண்டைக் கொடுக்கும் மாணவருக்கு அந்த ஆண்டின் விலை என்ன என்று முன்பே தெரியும். பி.ஏ. இரண்டும் எம்.ஏ. இரண்டுமாக நான்கு ஆண்டு ஆக வேண்டிய இடத்தில், ஆனர்ஸ் மூன்று ஆண்டில் முடிந்தது. 1950களின் பிற்பகுதியில் புகுமுக வகுப்பும் மூன்றாண்டுப் பட்டமும் வந்தபோது இந்த ஏற்பாடு மறைந்தது. 1945இல் திருப்பதியில் தேவஸ்தானம் தொடங்கிய ஸ்ரீ வேங்கடேஸ்வரா கலைக் கல்லூரியும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இணைப்பிலிருந்து 1954இல் பிறந்த புதிய பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தது.

4. ஆனர்ஸ் இல்லாத மாற்றம்: பாலிடெக்னிக் பாதை

இன்று ஆந்திரத்தில் உண்மையாகவே இயங்கும் மாற்றப் பாதை ஒன்று உண்டு. அதில் ஆனர்ஸ் என்ற பெயரே இல்லை. பத்தாம் வகுப்பு முடித்தவர் பாலிசெட் என்ற நுழைவுத் தேர்வு எழுதிப் பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு டிப்ளமோ படிக்கிறார். பிறகு ஈசெட் என்ற தகுதித் தேர்வு எழுதி, பொறியியல் கல்லூரியில் பி.டெக். இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்கிறார். லேட்டரல் என்ட்ரி என்று எல்லோரும் சொல்லும் இந்த வழி, திருப்பதியின் அரசு பாலிடெக்னிக்கிலும் மகளிர் பாலிடெக்னிக்கிலும் சேரும்போதே மாணவரின் குடும்பத்துக்குத் தெரிந்த கணக்கு. கட்டணம் குறைவு, கையில் ஒரு டிப்ளமோ, வேலை கிடைத்தால் போகலாம், ரேங்க் வந்தால் பி.டெக். என்று அது தெளிவாகப் பேசப்படுகிறது.

இது ஏன் இயங்குகிறது? டிப்ளமோ பாடத்திட்டம் சிறப்பானது என்பதற்காக இல்லை, பி.டெக். இரண்டாம் ஆண்டில் கணக்குப் பாடத்தில் திணறும் லேட்டரல் மாணவர்களைப் பற்றிப் பொறியியல் ஆசிரியர்கள் குறைப்பட்டுக்கொள்வது வழக்கம். அது இயங்குவதற்குக் காரணம், வாங்கும் பக்கம் விதியால் கட்டுண்டிருப்பதே. இரண்டாம் ஆண்டில் லேட்டரல் மாணவர்களுக்கென்று இடம் ஒதுக்கப்பட வேண்டும் என்பது விதி. எந்த டிப்ளமோவுக்கு எந்தக் கிளை என்பது பட்டியலாக உள்ளது. தகுதித் தேர்வு மாநிலம் முழுதுக்கும் ஒன்று. ஒரு பொறியியல் கல்லூரி முதல்வர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், கலந்தாய்வில் இடம் பெற்றவரைச் சேர்த்தாக வேண்டும். முதலாண்டை மறுபடி படி என்று சொல்ல முடியாது.

இதே ஈசெட்டின் இன்னொரு மூலை நம் கேள்விக்கு நேரடியாகப் பொருந்துகிறது. கணிதம் படித்த பி.எஸ்சி. பட்டதாரிகளும் ஈசெட் எழுதி பி.டெக். இரண்டாம் ஆண்டில் சேரலாம். சித்தூரில் மூன்றாண்டு கணிதம் படித்தவருக்கு இந்த வழி அளிப்பது ஓராண்டுச் சலுகை மட்டுமே. பத்தாம் வகுப்புக்குப் பின் டிப்ளமோக்காரர் மூன்றாண்டில் அடையும் இடத்தை இவர் இன்டர் இரண்டு, பட்டம் மூன்று என ஐந்தாண்டில் அடைகிறார். அதற்கு மேல் ஆனர்ஸ் ஆண்டும் படித்தால், ஆறாண்டுக்குப் பின்னும் அதே இரண்டாம் ஆண்டு வகுப்புதான். கூடுதல் படிப்புக்குக் கூடுதல் மதிப்புத் தர வேண்டும் என்று வாங்கும் பக்கத்தின் விதியில் எங்கும் இல்லாததால், ஆனர்ஸ் இங்கே எதையும் மாற்றுவதில்லை.

5. மாற்றத்தின் இடத்தில் ஆனர்ஸ்: இன்றைய நான்காம் ஆண்டு

தேசியக் கல்விக் கொள்கை 2020ஐ ஒட்டி, பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட பட்டப்படிப்புக் கட்டமைப்பின்படி, மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120 கிரெடிட், நான்காண்டு ஆனர்ஸுக்கு 160 கிரெடிட். முதல் ஆறு செமஸ்டர்களில் 75 விழுக்காடு எடுத்தவர் நான்காம் ஆண்டில் ஆராய்ச்சியோடு கூடிய ஆனர்ஸைத் தேர்ந்தெடுக்கலாம். அதில் 12 கிரெடிட் ஆய்வேட்டுக்கு உரியது. ஆனர்ஸ் முடித்தவருக்கு முதுகலை ஓராண்டு. 2022இன் முனைவர் பட்ட விதிகள், நான்காண்டுப் பட்டத்தில் 75 விழுக்காடு பெற்றவர் நேராக ஆராய்ச்சியில் சேரவும் வழி செய்தன. தாளில் பார்த்தால், சித்தூரிலிருந்தே ஆராய்ச்சியின் வாசல்வரை செல்லும் ஏணி இது.

ஏணியின் படிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். முதல் படி, ஆண்டுக் கணக்கு. பழைய சென்னை ஆனர்ஸ் ஓராண்டை மிச்சப்படுத்தியது. புதிய ஆனர்ஸ் எதையும் மிச்சப்படுத்தவில்லை. மூன்றும் இரண்டும் ஐந்து. நான்கும் ஒன்றும் ஐந்து. இதுவும் ஓராண்டு முதுகலை அருகில் நடந்தால்தான். திருப்பதி ஐஐடியின் எம்.எஸ்சி. படிப்புகளுக்கு ஜாம் தேர்வு வழியே போக வேண்டும், மூன்றாண்டுப் பட்டம் போதும், படிப்பு இரண்டாண்டு. சித்தூரில் நான்காம் ஆண்டு படித்துவிட்டு அங்கே போகிறவர் முதுகலை முடிக்க ஆறாண்டு எடுத்துக்கொள்கிறார். மூன்றாண்டோடு போன அவருடைய வகுப்புத் தோழர் ஐந்தாண்டில் முடித்துவிடுகிறார். இன்னொரு பக்கம், சித்தூரிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் வேலூர், தமிழ் பேசும் குடும்பங்களுக்கு இயல்பான அடுத்த ஊர். தமிழ்நாட்டரசோ நான்காண்டுப் பட்ட முறையை ஏற்காமல் மூன்றும் இரண்டுமான வழியிலேயே நிற்கிறது. எல்லை தாண்டினால் அங்கும் இரண்டாண்டு முதுகலையே காத்திருக்கிறது.

இரண்டாம் படி, சேர்க்கை. ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் ஒருகாலத்தில் தன் முதுகலை இடங்களுக்குத் தானே நுழைவுத் தேர்வு நடத்தியது. 2021 முதல் மாநிலம் முழுமைக்கும் பிஜிசெட் என்ற ஒரே தேர்வு வந்துவிட்டது. கொள்குறி வினாக்களில் எடுக்கும் மதிப்பெண்ணே ரேங்க். அந்த ரேங்கில் ஆனர்ஸ் ஆய்வேடும், பேராசிரியரின் பரிந்துரையும், நான்காமாண்டில் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரையும் ஒரு புள்ளியும் சேர்க்காது. தன் இணைப்புக் கல்லூரியின் ஆனர்ஸ் மாணவருக்கு முன்னுரிமை தரலாமா என்று பல்கலைக்கழகம் யோசிக்கும் இடத்தில்கூட இல்லை, ஏனென்றால் சேர்க்கையின் சாவி அதன் கையில் இல்லை. லாஸ் ஏஞ்சலிஸ் உடன்படிக்கையில் ஆனர்ஸுக்கு உயிர் கொடுத்தது எதுவோ, அதுவே இங்கே இல்லை.

மூன்றாம் படி, கல்லூரியின் கொள்திறன். ஆராய்ச்சியோடு கூடிய ஆனர்ஸ் நடத்தும் துறையில் முனைவர் பட்ட வழிகாட்டிகளாக ஏற்கப்பட்ட நிரந்தர ஆசிரியர் இருவராவது இருக்க வேண்டும், நூலகமும் ஆய்வகமும் தேவையான அளவில் இருக்க வேண்டும் என்று மானியக் குழுவின் வழிகாட்டுதல் சொல்கிறது. இது நியாயமான நிபந்தனை. ஒப்பந்த விரிவுரையாளர்களையும் கௌரவ விரிவுரையாளர்களையும் நம்பி நடக்கும் அரசுக் கல்லூரித் துறைகளுக்கு இது எட்டாத நிபந்தனை. விளைவாக, பல கல்லூரிகளில் சாத்தியமாவது ஆய்வேட்டுக்குப் பதிலாக மேலும் மூன்று தாள்கள் எழுதும் ஆனர்ஸே. முனைவர் பட்டத்துக்கு மாணவரை உண்மையில் தயார்ப்படுத்தக்கூடியது எதுவோ அது பெரிய நிறுவனத்தில் நிற்க, வெறும் கூடுதல் செமஸ்டர்கள் சிறிய கல்லூரிக்கு வந்து சேர்கின்றன.

நான்காம் படி, இடையில் மாறுவது. 2021 ஜூலையில் அறிவிக்கப்பட்ட கல்விக் கிரெடிட் வங்கியில் மாணவரின் கிரெடிட்டுகள் ஏழாண்டுவரை இருப்பில் நிற்கும். பட்டம் வழங்கும் நிறுவனத்தில் குறைந்தது பாதியைப் பெற்றிருந்தால் மீதியை வேறிடத்திலிருந்து கொண்டுவரலாம். ஓர் எடுத்துக்காட்டை நெருக்கமாகப் பார்ப்போம். சித்தூரில் இயற்பியலை மேஜராகவும் வேதியியலை மைனராகவும் கொண்டு நான்கு செமஸ்டர் முடித்த மாணவியின் கணக்கில் 80 கிரெடிட் இருக்கிறது. சமூகப் பணித் திட்டத்தையும் குறுகிய கால இன்டர்ன்ஷிப்பையும் முடித்திருக்கிறார். திருப்பதியில் ஒரு தன்னாட்சிக் கல்லூரிக்கு மாற விரும்புகிறார். அங்கே இயற்பியல் மேஜரோடு கணிதமே மைனர். அவர் மூன்றாம் செமஸ்டரில் படித்த ஒளியியல் அங்கே நான்காம் செமஸ்டரில். அங்கே மூன்றாம் செமஸ்டரில் நடந்த மின்னணுவியல் இவர் இன்னும் படிக்காதது. வங்கி 80 என்று காட்டுகிறது. பாடச் சமநிலைக் குழு அதில் எத்தனையை ஏற்கும் என்பதை வங்கி சொல்லாது. காலியிடம் வேண்டும், டி.சி. வேண்டும், பல்கலைக்கழக அனுமதி வேண்டும், விட்டுப்போன தாள்களைத் தனியே எழுத வேண்டும். அமெரிக்காவில் 43 விழுக்காட்டை விழுங்கிய அதே இடைவெளி இங்கும் இருக்கிறது; இங்கே அதை யாரும் இன்னும் அளக்கத் தொடங்கவில்லை என்பதுதான் வேறுபாடு.

6. மறுப்புகள்

முதல் மறுப்பு: மாற்றத்தை வைத்தே ஆனர்ஸை எடைபோடுவது குறுகிய பார்வை, சிறிய வகுப்பும் ஆழ்ந்த வாசிப்பும் தம்மளவிலேயே பயன் தருபவை. இதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஆனர்ஸ் மாணவர்கள் பின்னாளில் நன்றாக வருகிறார்கள் என்ற சான்றைப் பார்க்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை. 75 விழுக்காடு எடுத்தவர்களைத் தேர்ந்து சேர்த்துவிட்டு, அவர்கள் மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள் என்றால், அதில் திட்டத்தின் பங்கு எது, தேர்வின் பங்கு எது என்று பிரிப்பது கடினம். மேலும் ஆழ்ந்த வாசிப்புதான் நோக்கமென்றால் அதை மூன்றாண்டுக்குள்ளேயே, ஆனர்ஸ் எடுக்காதவர்களுக்கும் கொடுப்பதைத் தடுப்பது எது? ஆள் பற்றாக்குறை உள்ள துறையில் இரண்டு ஆசிரியரை நான்காமாண்டின் எட்டுப் பேருக்கு ஒதுக்கினால், முதலாண்டின் எண்பது பேருக்கு அந்த நேரம் இல்லாமல் போகும். அந்த எண்பது பேர் இழப்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

இரண்டாம் மறுப்பு கனமானது. ஊரைவிட்டு அனுப்பத் தயங்கும் குடும்பங்களின் பெண்களுக்கு உள்ளூரில் கிடைக்கும் நான்காம் ஆண்டு ஒரு வரம். கல்யாணப் பேச்சை ஓராண்டு தள்ளிவைக்கும் காரணமாகக்கூட அது உதவலாம். பணமும் இதோடு சேர்கிறது. 2020 டிசம்பரில் ஆந்திர அரசு பிறப்பித்த 77ஆம் எண் அரசாணை, தனியார் கல்லூரிகளில் முதுகலை படிப்போருக்கான கட்டணத் திருப்பளிப்பை நிறுத்தியது. மாணவர் அமைப்புகள் அதை எதிர்த்துப் போராடின. முதுகலைக்குச் செலவு ஏறும்போது, அரசுக் கல்லூரியில் இன்னும் ஓராண்டு என்பது மலிவான வழி. இந்த மறுப்பின் உண்மையை ஏற்றுக்கொண்டே சொல்கிறேன்: வாய்ப்பு குறைந்தவருக்கே இந்த ஆண்டு அதிகம் தேவை என்றால், அதன் முடிவில் திறக்கும் கதவு அவருக்கே அதிகம் தேவை. வசதியுள்ளவர் ஓராண்டை வீணடித்தாலும் தாங்கிக்கொள்வார். வீட்டில் போராடிப் பெற்ற ஓராண்டின் கடைசியில், மூன்றாண்டு முடித்தவரோடு அதே வரிசையில் நின்று அதே தேர்வை எழுத வேண்டியிருந்தால், அந்த ஆண்டு அவருக்குக் கிளார்க் சொன்ன வகையில் ஆசையை மெல்லத் தணிக்கும் ஏற்பாடாகிவிடும்.

மூன்றாம் மறுப்பு: வாங்கும் நிறுவனத்தைக் கட்டுப்படுத்துவது அதன் தன்னாட்சிக்கும் தரத்துக்கும் எதிரானது. நுழைவுத் தேர்வு எல்லோருக்கும் பொதுவானது. கல்லூரி தரும் மதிப்பெண்ணை நம்பினால் தாராள மதிப்பெண் பெருகும் என்ற அச்சம் வெறும் கற்பனை இல்லை. ஆனால் இந்த வாதம் ஈசெட்டையும் சேர்த்து மறுக்க வேண்டியிருக்கும். அங்கே தேர்வும் இருக்கிறது, ஒதுக்கீடும் இருக்கிறது. ஒன்று தரத்தைப் பார்த்துக்கொள்கிறது, மற்றது வாசலைத் திறந்துவைக்கிறது. ஆனர்ஸ் மாணவருக்கும் தேர்வை நீக்க வேண்டியதில்லை. தேர்வுக்குப் பிறகு அவருடைய 160 கிரெடிட்டுக்கு என்ன கிடைக்கும் என்பதை முன்கூட்டியே எழுதிவைத்தால் போதும்.

7. முடிவாக

நான்கு ஏற்பாடுகளையும் ஒன்றாக வைத்தால் ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொதுத் தேர்வு ஏற்பை உறுதி செய்தது. ஆனர்ஸ் அதற்குப் பின் வந்தது. லாஸ் ஏஞ்சலிஸில் உடன்படிக்கை முன்னுரிமையை உறுதி செய்தது. ஆனர்ஸ் அதற்கான நிபந்தனையாயிற்று. பாலிடெக்னிக் பாதையில் ஒதுக்கீட்டு விதி இடத்தை உறுதி செய்தது, ஆனர்ஸ் தேவைப்படவில்லை. இன்றைய நான்காண்டு ஆனர்ஸில் மட்டும் தகுதி முதலில் உருவாக்கப்பட்டுவிட்டது, அதை ஏற்கும் கடமை யாருக்கும் எழுதப்படவில்லை.

இதைச் சரிசெய்யச் சித்தூர், திருப்பதி வட்டாரத்துக்குப் பிற பல மாவட்டங்களுக்கு இல்லாத வசதி உண்டு: அனுப்பும் கல்லூரிகளும் வாங்கும் நிறுவனங்களும் ஒரு பேருந்துப் பயணத் தொலைவில் உள்ளன. ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் இணைப்பு வழங்கும் நிறுவனமும் முதுகலைக்கு மாணவரை வாங்கும் நிறுவனமும் ஆகும். தன் வளாகத்தில் ஓராண்டு முதுகலைக்கென்று குறிப்பிட்ட எண்ணிக்கையில் இடங்களை இணைப்புக் கல்லூரி ஆனர்ஸ் மாணவருக்கு ஒதுக்கி, பிஜிசெட் ரேங்க் வழியே நிரப்ப மாநில அரசிடம் அனுமதி கேட்கலாம். வழிகாட்டிகள் இல்லாத கல்லூரித் துறைகளின் ஆய்வேடுகளுக்குத் தன் துறைப் பேராசிரியர்களை இணை வழிகாட்டிகளாக்கலாம். மாணவர் சித்தூரில் பதிவாகி, வாரத்தில் சில நாள் திருப்பதி ஆய்வகத்தில் வேலை செய்யலாம். எந்தக் கல்லூரியின் எந்தத் தாள் எதற்குச் சமம் என்ற பட்டியலை ஈசெட் பட்டியலைப் போல முன்கூட்டியே வெளியிடலாம். இவற்றில் எதற்கும் புதிய கட்டடம் தேவையில்லை, கையெழுத்துகள் தேவை.

அதுவரை மாணவருக்குச் சொல்லக்கூடியது நிபந்தனையுள்ள அறிவுரைதான். ஆராய்ச்சியே குறிக்கோள், துறையில் வழிகாட்டிகள் இருக்கிறார்கள், 75 விழுக்காடு கையில் இருக்கிறது என்றால் நான்காம் ஆண்டு பொருளுள்ள முதலீடு. முனைவர் பட்டச் சேர்க்கை விதி அந்த ஆண்டுக்கு எழுத்தில் மதிப்புத் தருகிறது. முதுகலைதான் குறிக்கோள் என்றால், போக விரும்பும் நிறுவனம் ஓராண்டு முதுகலை நடத்துகிறதா என்று விசாரித்துத் தெரிந்துகொள்ளாமல் நான்காம் ஆண்டுக்குப் பணம் கட்டக் கூடாது. இந்த விசாரணையை ஒவ்வொரு மாணவரும் தனித்தனியே செய்துகொள்ள வேண்டியிருப்பதே இன்றைய ஏற்பாட்டின் குறை. அதைக் கல்லூரிகளும் பல்கலைக்கழகமும் தமக்குள் செய்து முடித்து, சேர்க்கைக்கு முன்பே விவரக் கையேட்டில் அச்சிட்டால்தான் ஆனர்ஸ் என்பது பட்டியலில் உள்ள ஒரு பெயர் என்ற நிலையைத் தாண்டும்.